எழுதிய கல்லும் எழுதாத கல்லும்

பதுளை நூலக வளவில் ஒரு கற்றூண் நிற்கிறது. நாலு பக்கமும் எழுத்து. மொத்தம் 203 வரி என்று கல்வெட்டு படித்தவர்கள் எண்ணி வைத்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டுச் சிங்களம். இன்றைய சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கும் அது பிடிபடாது, நமக்கும் பிடிபடாது. அந்த வகையில் அதன் முன்னால் எல்லோரும் சமம்.

அந்தக் கல் ஒரு மனுவுக்குக் கிடைத்த பதில். உதயன் என்ற பெயருடைய அனுராதபுரத்து மன்னன் ஒருவன் மகியங்கனைக்கு வழிபட வந்திருக்கிறான். பக்கத்தில் ஹோபிட்டிகம என்றொரு சந்தை ஊர். அங்கிருந்த வணிகர்களும் குடிமக்களும் அவனிடம் போய் முறையிட்டார்கள்: முன்பு ஏற்படுத்திய சட்டத்தை மீறி அதிகாரிகள் எங்களிடம் பிடுங்குகிறார்கள். மன்னன் புதிதாக ஒழுங்கு விதித்து, அதைக் கல்லில் வெட்டுவித்து, ஊரிலேயே நட்டு வைக்கச் சொன்னான். ஊர் வழியாகக் கடந்து போகிற சரக்குக்குத் தீர்வை கேட்கக் கூடாது. முத்திரை இல்லாத அளவைகளால் அளக்கக் கூடாது. போயா நாளில் கடை திறக்கக் கூடாது. இப்படி நீள்கிறது பட்டியல். பெயர் தெரியாத சந்தைக்காரர்களின் குறை ஆயிரம் ஆண்டுக்கு மேல் கல்லில் நிற்கிறது.

கல் நிற்பது அதன் சொந்த இடத்தில் அல்ல. மகியங்கனைக்குப் பக்கத்தில் சொரபொர குளத்தருகே கிடந்ததை 1857-இல் ஜோன் பெய்லி என்ற உதவி அரசாங்க அதிபர் கண்டெடுத்தார். பிறகு அது பதுளைக்கு வந்து சேர்ந்தது. எங்கோ இருந்து கொண்டுவரப்பட்டு இங்கே நிறுத்தப்பட்ட கல் என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் அதிகம். இந்த மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் கதையும் அதுதான். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து கொண்டுவரப்பட்டு மலையில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

அப்புத்தளையில் இருந்து பதுளை வரை, கோச்சியில் பாதியும் பஸ்ஸில் பாதியும் நடையில் மிச்சமுமாக, வழியோரக் கற்களையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். யாருக்குக் கல் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதே கேள்வி.

பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் இருந்து தொடங்கலாம். கோயில் முழுவதுமே ஒருவருக்கான நினைவுச் சின்னம். பெயர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். சிலோன் ரைபிள் படைப்பிரிவின் அதிகாரி, பதுளையின் உதவி அரசாங்க அதிபர், நீதிபதி. ஊவாவில் பாதை வெட்டியவர் என்றும் பேர். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு கணக்கால். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் சுமார் 1,400. அந்தக் காலத்தில் யானை பயிரழிக்கும் விலங்கு. கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்தது. 1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் இடியும் மழையுமாக இருந்த வேளையில், மழை விட்டதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தவரை மின்னல் தாக்கியது. அந்த இடத்திலேயே முடிந்தார். நண்பர்களும் அபிமானிகளும் சேர்ந்து கட்டிய கோயில் 1857-இல் திறக்கப்பட்டது. உள்ளே இருக்கும் கல்லில் மின்னல் உண்டு, பதவிகள் உண்டு.

அவரைப் புதைத்தது நுவரெலியாவில். அங்குள்ள கல்லறையையும் மின்னல் விடவில்லை, பலகையைப் பிளந்துவிட்டது என்று பதுளையிலும் நுவரெலியாவிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பது தீர்ப்பு. ரொஜர்ஸுக்குக் கல் வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள், அந்தக் கல்லுக்குக் கதை வைத்தவர்கள் ஊர்க்காரர்கள். இரண்டில் எது அதிகம் படிக்கப்படுகிறது என்று சொல்லத் தேவையில்லை.

பதுளையின் பழைய மயானக் கற்களில் இன்னொன்றும் பேர்போனது. 1817-இல் இங்கே அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனின் மனைவி சோபியாவுடையது. அதன்மேல் முளைத்த அரசமரம் கல்லைத் தன் வேருக்குள் இழுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்சன் வெல்லஸ்ஸப் பக்கம் போய் அம்படிபட்டு இறந்தார். ஊவா – வெல்லஸ்ஸ கிளர்ச்சி அங்கிருந்துதான் மூண்டது. அடக்கப் போன கெப்பெட்டிப்பொல திசாவை ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு மக்கள் பக்கம் சேர்ந்துகொண்டதும், 1818 நவம்பரில் கண்டி போகம்பரையில் தலை வெட்டப்பட்டதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குப் போய்ப் பிற்பாடு திரும்பியது. 1818 வர்த்தமானியில் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்டிருந்தவர்களை, ஏறக்குறைய 200 ஆண்டு கழித்து, 2016-இல் அரசாங்கம் தேசாபிமானிகள் என்று மாற்றி அறிவித்தது. வர்த்தமானியையும் திருத்தலாம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1913-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். இலங்கையில் உள்ள கல்லறைகள், நினைவுச் சின்னங்களில் உள்ள எழுத்துகளின் பட்டியல். ஊர் ஊராகப் போய்ப் பாசி சுரண்டிப் படித்துச் சேர்த்த வேலை. இன்றைக்கும் அதைப் புரட்டாமல் யாரும் இந்தப் பக்கத்து வரலாறு எழுத முடியாது. புத்தகத்தின் தலைப்பிலேயே ஒரு வால் உண்டு: கல் கிடைக்காமல் போனவர்களுக்கும் இரங்கல் குறிப்பு சேர்த்திருக்கிறேன் என்கிறார். ஆவலோடு அந்தப் பகுதியைத் திறந்தால், கல் இல்லாதவர்களும் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே. 1913-இல் ஊவா முழுவதும் தோட்டம். லயங்கள் என்ற வரிசை வீடுகள் நிறையத் தமிழ் ஆட்கள். லூயிஸை நான் குறை சொல்லவில்லை. கல் இல்லாதவரைத் தேடப் போனவருக்கும் கண்ணில் தெரிந்தது அவ்வளவுதான்.

இனி ஒரு தேதி. 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள். இலங்கையின் 1940-ஆம் ஆண்டு 9-ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், புராதனச் சின்னம் எது என்பதற்கு இந்த நாளைத்தான் கோடாகக் கிழித்தது. அதற்கு முன்னையது என்றால் கட்டடமோ கல்லோ இயல்பாகவே சட்டத்தின் காவலுக்குள் வரும். பிந்தியது என்றால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். யாராவது கேட்டு, கோப்பு நகர்ந்து, கையெழுத்தாக வேண்டும்.

கம்பளையில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டு, தென்னிந்தியத் தொழிலாளரைக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுவது 1823. கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டே ஆண்டு. எங்களுடைய லயம், எங்களுடைய மாரியம்மன் கோயில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், பீலிக்கரை, தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த பாதை, எல்லாமே அந்த நாளுக்குப் பின்னால்தான். யாரோ எங்களை நினைத்துக் கிழித்த கோடு அல்ல அது. ராச்சியம் போன நாளோடு புராதனம் முடிந்தது என்று நினைத்தவர்கள் போட்டது. விளைவு என்னவோ ஒன்றுதான். அதே கோட்டுக்குப் பின்னால் வந்த துரைமார் பங்களாக்களும் தேவாலயங்களும் நின்று பிடித்தன. கருங்கல்லால் கட்டியவை, பராமரிக்கப் பணம் இருந்தவை. லயம் அப்படிப்பட்டதல்ல. தகரம் துருப்பிடித்தால் அடுத்த தகரம், அதுவும் போனால் இடிப்பு.

ராவணனுக்குக்கூடப் பலகை இருக்கிறது. எல்லயில் ராவணன் குகை, ராவணன் அருவி என்று அம்புக்குறி போட்டு வழி காட்டுகிறார்கள். லங்கேஸ்வரனோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் குகைக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் இருக்கும் தேயிலையை நட்டது யார் என்று சொல்ல ஒரு சாண் பலகையும் என் கண்ணில் படவில்லை.

ரயில் பாதைக்கு வருவோம். ஊவாவில் நல்ல பலகைகள் என்றால் அவை ரயில் நிலையப் பலகைகளே. மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர், கடல் மட்டத்திலிருந்து உயரம், அடுத்த நிலையத்துக்குத் தூரம். வீண் சொல் கிடையாது. கோச்சி 1894-இல் பண்டாரவளை வரை வந்துவிட்டது. அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் 30 ஆண்டு. 1924 ஏப்ரலில்தான் கடைசி நிலையம் திறந்தது. நடுவில் உலகப் போர். அதைவிட, பண்டாரவளையிலிருந்து பதுளைக்குள் அரைக் கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்க வேண்டும். மலை அவ்வளவு லேசில் விடுமா?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம். கட்டி முடித்தது 1921. கிட்டத்தட்ட 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். இன்றைக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்து, கோச்சி வரும் வரை காத்திருந்து, செல்பி எடுக்கிறார்கள். போரினால் இரும்பு வராமல் போய்விட்டது, ஊர்க்காரரான அப்புஹாமி என்பவர் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிக் காட்டினார் என்பது வழக்கமான கதை. வழிகாட்டிகள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நல்ல கதைதான். கல் சுமந்தவர் யார் என்று அதே வழிகாட்டியைக் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த கோச்சி எத்தனை மணிக்கு என்று சொன்னார்.

தெமோதரை இன்னும் விசேஷம். நிலையத்திலிருந்து புறப்படும் கோச்சி மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் நின்றிருந்த நிலையத்துக்கு அடியிலேயே உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து வெளியேறும். பாம்பு தன் வாலுக்கடியில் நுழைவதுபோல. இந்த வளைவை யோசித்தவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர என்றும், அவருக்கு இந்த யோசனை எப்படி வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைக் கழற்றித் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். துணி மேலே வந்து, சுற்றி, தன் அடியிலேயே போய்ச் செருகிக்கொள்வதைக் கண்டதும் பாதை பிடிபட்டதாம். நடந்ததோ நடக்கவில்லையோ, ஊவாவின் ரயில் வரலாற்றில் எங்கள் ஆள் ஒருவர் வந்து போகும் இடம் இது ஒன்றுதான். அவருக்கும் பெயர் கிடையாது. தலைப்பாகை மட்டும் உண்டு.

கங்காணியின் தலைப்பாகையை நினைத்துப் பெருமைப்படலாமா என்று கேட்டால் எனக்குத் தயக்கம்தான். ஊரில் இருந்து ஆள் பிடித்து வந்தவரும் அவர்தான், ஆள் தலையில் கடனை ஏற்றியவரும் அவர்தான். கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டோடு ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்றுகிற துண்டு முறையை 1921-இல்தான் சட்டம் ஒழித்தது. ஆள் வரும்போது கழுத்தில் இன்னொரு துண்டும் தொங்கியது. தகரத்தால் ஆனது. எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்பதற்கு எழுத்தும் இலக்கமும் அதில் அடித்திருக்கும். 1900-களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு. மண்டபம் முகாமில் இருந்து சரக்கு போலவே ஆளும் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரும். எங்கள் பாட்டன்மார் பெற்ற முதல் பெயர்ப்பலகை அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் இல்லை.

தியத்தலாவையில் மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரி. எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் போட்ட கோலம். பக்கத்தில் போயர் போர்க் கைதிகளின் முகாம் இருந்த இடம். தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட சுமார் 5,000 பேரை அங்கே அடைத்து வைத்தார்கள். முடியாட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று கடைசிவரை நின்ற ஏங்கல்பிரெக்ட் என்பவர், நாடு திரும்ப முடியாமல், பிற்பாடு யால சரணாலயத்தின் முதல் காவலர் ஆனார். நரிக்கு இன்றைக்கும் காலாகாலத்தில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன. 1890-இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டங்களில் தலையானது. கோப்பி நோயில் விழுந்து, தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போன காலம். கிளாஸ்கோ மளிகைக்காரர் கப்பல் ஏறி வந்து கையோடு வாங்கிப் போட்டார். தோட்டத்தில் இருந்து நேரே தேத்தண்ணீர்க் கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்து உலகத்தையே குடிக்க வைத்தார். தொழிற்சாலைக்கு மேலே ஏழு கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறினால், சுமார் 1,970 மீட்டர் உயரத்தில் லிப்டன் சீட். துரை உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடமாம். இப்போது அவர் அங்கேயே சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில் போனால் தெற்கே கடல்வரை தெரியும். பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் துடைத்துவிடும். நான் போன நாளில் பனி முந்திக்கொண்டது. லிப்டனும் நானும் ஒன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கீழே எங்கோ கொழுந்து எடுக்கிறவர்களின் பேச்சு மட்டும் கேட்டது.

தம்பேதென்னவில் லிப்டனுக்கு வைத்த இருக்கையை நான் பிடுங்கச் சொல்ல மாட்டேன். அவரும் இந்த வரலாற்றின் ஒரு ஆள். என் வருத்தம் அந்த ஏழு கிலோமீட்டரைப் பற்றியது. ஏழு கிலோமீட்டரும் லயம், பிள்ளை மடுவம், பள்ளிக்கூடம், கோயில். வழியில் வரும் வெளிநாட்டவர் எல்லோரும் சிலைக்கான அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

சரி, பலகை வைக்க என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்து பேசினார். 1940-இல் மலையகம் முழுவதும் வேலைநிறுத்த அலை எழுந்தது. ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்தார். அந்த அலை ஊவாவுக்கு வந்தபோது உச்சம் கண்டது பதுளை வேவெஸ்ஸ தோட்டத்தில். சமசமாஜக் கட்சியின் சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு சபையை அமைத்து, தோட்ட விஷயங்களில் துரை தங்களைக் கலந்து பேசியே ஆக வேண்டும் என்று நிலைநாட்டினார்கள். 1940-இல், தேயிலைத் தோட்டத்தில்! துரை குதிரையில் வந்தால் குடையை மடக்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் அது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அதில் பதுளையும் ஒன்று. எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டு வந்த 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949-இல் வாக்காளர் சட்டத்தில் செய்த மாற்றமும், அவருக்கு வாக்குப் போட்டவர்களை வாக்காளர் பட்டியலில் இருந்தே துடைத்தன. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பதுளை நிலையத்தில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்கள் எத்தனை! மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் கட்டிப் பிடித்து அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கும் அதையே தலைப்பாக வைத்தார்.

பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. 2000 அக்டோபர் 25 அன்று அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டம் புகுந்து, அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். விசாரணை நடந்தது, தண்டனை விதித்தார்கள், 2005-இல் உச்ச நீதிமன்றத்தில் விடுதலையும் ஆனது. அந்தத் தெருவழியே போகும் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மீரியபெத்தையைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹல்துமுல்லைப் பிரதேசம், கொஸ்லந்தைக்குப் பக்கம், அம்பிட்டிகந்தை தோட்டத்தின் ஒரு பிரிவு. 2014 அக்டோபர் 29, புதன்கிழமை, காலை ஏழரை மணிக்கு முன்பின். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பிரட்டுக்குப் போனவர்கள் போனார்கள், லயத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். மேலே இருந்த மலை அப்படியே இறங்கியது. லயங்கள், கோயில், கடை எல்லாம் போயின. பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் வீடு திரும்பப் பார்த்தால், திரும்ப வீடு இல்லை. சிலருக்குத் தாயும் தகப்பனும் இல்லை. தோண்டிய வரைக்கும் கிடைத்த உடல்கள் கொஞ்சம். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இந்த மலை இறங்கும், ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தார்கள். போக இடம் கொடுத்தால்தானே போக முடியும்? லயத்துக் காம்பரா தொழிலாளிக்குச் சொந்தமில்லை; வேலையோடு சேர்ந்து வந்தது, வேலையோடு போவது. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் சாக்குத் தடுப்புப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் புது வீடு வந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் புல்லும் காட்டுச் செடியும் ஏறி மூடியிருக்கின்றன. மழை பலமாகப் பெய்தால் ஊவாவின் லயங்களில் இப்போதும் யாரும் தூங்குவதில்லை. சாமான் மூட்டையைக் கட்டி இஸ்தோப்பில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உறவுக்காரர்கள் போய் விளக்கேற்றுகிறார்கள். மண்சரிவு அபாய வலயம் என்று மலையகத்துப் பாதையோரம் மஞ்சள் பலகை கண்டால் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் வரலாற்றைச் சொல்லும் அரசாங்கப் பலகை என்று ஒன்று இருக்குமானால் அதுதான்.

எழுத்துக் கல் இல்லை என்றுதான் இதுவரை புலம்பினேன். கல்லே இல்லை என்று சொன்னால் அது பொய்.

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மலை தொடங்கும் முடக்கில், சவுக்கு மரத்தடியில் மூன்று கல். நடுக்கல் முழங்கால் உயரம். உளி படாத கல். ஆற்றில் இருந்து புரட்டி வந்தது என்று உருண்டையைப் பார்த்தாலே தெரியும். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்து, அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் படை படையாகக் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் செருகியிருந்த சின்னச் சூலம் பழைய கவ்வாத்துக் கத்தியை அடித்துச் செய்தது. கைப்பிடி பூட்டுகிற குழல் அப்படியே இருந்தது. அடியில் உடைந்த தேங்காய்ச் சிரட்டை, சேவல் இறகு இரண்டு, காலியான சாராயப் போத்தல். கவ்வாத்துச் சாமி. தேயிலையை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம் வந்தால், மலையில் கத்தி வைக்குமுன் இங்கே பொங்கல் வைத்து சேவல் அறுத்தாக வேண்டும். கத்தி காலில் படாமல் இருக்க. பாம்பு எழும்பாமல் இருக்க.

தொழிற்சாலைக்குப் போனால் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம். பெல்ட்டும் உருளையும் கையை இழுக்காமல் பார்த்துக்கொள்கிற முனி. நெல்லுக்கும் ஏருக்கும் சாமி வைத்திருந்தவர்கள், தேயிலைக்கும் யந்திரத்துக்கும் இங்கே வந்து புதிதாகச் சாமி கண்டுபிடித்தார்கள். ஊரில் இல்லாத சாமிகள் இவை. எந்த வேலையில் ஆள் செத்தார்கள், எங்கே பயம் இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் இந்தக் கற்கள் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் போதும். தொல்பொருள் திணைக்களத்துக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. ஆனால் தோட்டம் கைமாறும்போதும் பாதை அகலமாகும்போதும் முதலில் பெயர்க்கப்படுவது இந்தக் கல்தான். கேட்டால், ரோட்டோரம் கிடந்த கல் என்பார்கள்.

இன்னொரு கல்லும் உண்டு, அதை ஆட்கள் தங்கள் பெயருக்கு முன்னால் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். ஹாலிஎலப் பக்கம் ஊவாக்கட்டவளை தோட்டத்தில் 1934-இல் பிறந்தவர் ஜோசப். பதுளை மாவட்டத்துத் தெளிவத்தை தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். எழுத வந்தபோது தெளிவத்தை ஜோசப் ஆனார். ‘காலங்கள் சாவதில்லை’, ‘நாமிருக்கும் நாடே’, ‘குடைநிழல்’ என்று எழுதி, 2013-இல் விஷ்ணுபுரம் விருது பெற்று, 2022-இல் மறைந்தார். தமிழ்நாட்டில் அவரைப் படித்த யாருக்கும் தெளிவத்தை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அப்படியொரு தோட்டம் உண்டு என்று தெரியும். பதுளைப் பாதையில் கல் நட்டிருந்தால் அதைப் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள்.

2023-இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை 16 நாள் நடந்தார்கள். முன்னோர் வந்த அதே வழியில், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. மனிதர்களே மைல் கல்லாக நடந்துபோனது அது. கம்பளைக்குப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே அருங்காட்சியகமாக மாற்றி 2007-இலிருந்து நடத்தி வருகிறார்கள். ஊவாவில் அப்படி ஒரு லயத்தையாவது இடிக்காமல் விட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் போதும். துரோகிகளைத் தேசாபிமானிகளாக மாற்றிய அதே வர்த்தமானி. 1815-க்குப் பிந்தியதைக் காக்கவும் அமைச்சருக்கு அதில் அதிகாரம் உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? கேட்பதற்கு ஆள் வேண்டும். ஹோபிட்டிகமச் சந்தைக்காரர்கள் கேட்டார்கள்.

கடைசி நாள் பசறையில் இருந்து இறங்கும்போது ஒரு தேயிலை மலையின் ஓரத்தில் நம்பர் பலகை பார்த்தேன். தோட்டங்களில் ஒவ்வொரு மலைக்கும் உண்டு. கொங்கிரீட் தூணில் பச்சைத் தகரம், வெள்ளை எழுத்து, எல்லாம் ஆங்கிலத்தில்: மலையின் நம்பர், எத்தனை ஹெக்டேர், எந்த இனத் தேயிலை, எந்த வருஷம் நட்டது, கடைசிக் கவ்வாத்து எப்போது. நட்ட வருஷம் 1971 என்றிருந்தது. தேயிலைச் செடிக்குப் பிறந்த தேதி பிசகாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் குனிந்து படிப்பதை மேல் வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதம். படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“என்னா தம்பி எழுதியிருக்கு அதுல?”

“எழுபத்தொண்ணுல நட்ட தேயிலைன்னு போட்டிருக்கும்மா.”

“ஆமா, அது சரிதான். எங்கம்மா என்னைய வயித்துல வச்சுக்கிட்டுக் கன்னு நட்ட மலை இது. மூணாவது வரிசையில குழி வெட்டுறப்பதான் வலி கண்டுச்சாம்.” விரலைத் தூக்கி வரிசையைக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே பச்சையாகத் தெரிந்தது. “அந்தா, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல.”

கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் நாலு செடி தள்ளிப் போயிருந்தார். நிறை எடுக்கிற நேரம்.